மூச்சடக்க ஒரு ஊர்

"மாப்பிள்ளை கப்பல்ல இருக்கறாருங்க. வாரதுக்கு இன்னும் ஆறு மாசம் ஆவுமுங்க" என்றாள் வசந்தாமணி படகுக்காரரிடம், கண்ணை இமைக்காமல்.

பக்கத்தில் நின்ற மகள் யுவஸ்ரீக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. காலையில் வீடு தேடிப் போன ஊரில் இதே மாப்பிள்ளை துபாயில் இருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டாள் அம்மா. உண்மையில் அந்த மாப்பிள்ளை ஈரோட்டில் இருக்கிறான், வேறொருத்திக்குப் புருஷனாக. யுவஸ்ரீயோடு அவன் நடத்திய குடித்தனம் ஒன்றரை வருடம்கூட நிற்கவில்லை. அடித்தான் பிடித்தான் என்று சொல்வதற்கெல்லாம் ஒன்றுமில்லை. அவளிடம் எதையாவது சொல்லவேண்டுமென்றால் அவன் அம்மாவிடம் சொல்வான், அந்த அம்மா வந்து இவளிடம் சொல்லும். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்பதுகூட அப்படித்தான் வந்து சேரும். ஒருநாள் யுவஸ்ரீ பெட்டியைக் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்த தங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கோர்ட்டில் விவாகரத்து முடிந்து ஐந்தாறு வருடமாகிறது. ஊரில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "அந்தப் புள்ள இங்கதான் இருக்குது" என்பார்கள். அவ்வளவுதான்.

அவளுக்கு ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை வேலை. நாள் முழுக்க விசில், மைக், பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்கு வந்தால் அம்மாவும், அம்மாவைப் பார்க்க வருகிறவர்களும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்தது தோட்டத்துக் கிணறு ஒன்றுதான். சின்ன வயதில் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி அப்பா அவளைத் தள்ளிவிட்ட கிணறு. மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டு கைக்குக் கீழ் கை வைத்து இறங்குவாள். ஒரு ஆள் ஆழம் போனதும் தண்ணீர் சில்லென்று மாறும். காது ஞொய் என்னும். அதற்குக் கீழே ஒருத்தர் குரலும் வராது. ஈரோட்டிலிருந்து திரும்பிய பிறகு தினமும் சாயங்காலம் கிணறுதான்.

அதற்கும் வந்தது வினை. அப்பா குழந்தைவேலு போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். வருடத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். ஒரு கோடையில் வந்தவர், சும்மா இருக்கமாட்டாமல் சொந்தத் தோட்டத்திலேயே கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு போர் போட்டார். போரில் தண்ணீர் கொப்பளித்தது. அடுத்த வருடமே கிணறு முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டது. "தண்ணி எங்கிருந்து வந்தா என்ன அம்மணி, தண்ணி தண்ணிதான?" என்றார்.

அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கம் கடலில் மூச்சடக்கி முங்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முதுகில் காற்றுச் சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மிதவையில் கட்டிய கயிற்றை ஒட்டி இறங்கித் திரும்பி வரவேண்டும். கிணற்றில் அவள் செய்ததேதான், ஆனால் சுவர் இல்லாமல். கூடப் பயின்றவர்களில் ஒருத்தி சௌமியா. யாரென்று பார்த்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் வீட்டு மருமகள். அறுபது மைல் வட்டத்துக்குள் இப்படி இன்னொரு கிறுக்கு இருக்குமென்று இரண்டு பேருமே நினைத்திருக்கவில்லை. இந்த விளையாட்டில் தனியாக இறங்கக்கூடாது என்பது முதல் சட்டம். ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி மேலே காவல் இருக்கவேண்டும். ஆகவே இருவரும் ஜோடியானார்கள். சௌமியாவுக்கு மிளகாய் நெடியில் வருடம் பூராவும் மூக்கடைப்பு. மூக்கடைத்தால் காது திறக்காது, காது திறக்காவிட்டால் தண்ணீர் அழுத்தத்தில் வலி தாங்காமல் இறங்க முடியாது. பாதி நாள் அவள் மேலேயேதான் மிதப்பாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது. "வந்த வரைக்கும் லாபம்டி" என்பாள்.

பயிற்சி கொடுத்தவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு ஒரு கடல் நாளைக்கு ஒரு கடல் என்று அலையாதீர்கள். சந்தடி இல்லாத ஊராக ஒன்றைப் பிடியுங்கள். கரையிலிருந்து சீக்கிரம் ஆழம் வரவேண்டும், நம்பிக்கையான படகு இருக்கவேண்டும். அங்கேயே அறை எடுத்துச் சாமான்களைப் போட்டுவைத்து, லீவு விட்டதும் போய்ப் பழகுங்கள்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. வீட்டில் சொன்னபோது வசந்தாமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"முங்கறதுக்கு."

"முங்கி?"

"திரும்பி மேல வாரதுக்கு."

வசந்தாமணி முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் சாமி, அங்க போய் முங்கி மேல வாரதுக்கு, முங்காமயே இங்க இருந்தா ஆவாதா?"

அப்பாவுக்கு ஃபோன் போட்டால் பின்னால் கம்ப்ரசர் அலறியது. "எத்தன அடி?" என்று கத்தினார்.

"என்னதுப்பா?"

"கடலு! எத்தன அடி ஆழத்துக்குப் போற? கீழ பாறையா, மண்ணா?"

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

எப்படியோ காலாண்டு விடுமுறையில் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். இரண்டு பொம்பளைப் பிள்ளைகளைத் தனியாக விடமாட்டேன் என்று வசந்தாமணியும் காரில் ஏறினாள். முப்பத்துமூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிள்ளை இன்னொருத்தி. வசந்தாமணியோடு கட்டுச்சோறும், தண்ணீர் கேனும், ஒரு பை நிறைய முறுக்கும் ஏறின. கடற்கரைத் தண்ணீர் உப்பாக இருக்கும், பருப்பு வேகாது என்று ராசிபுரம் தொடங்கி மதுரை வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் ஊர் நடுமுந்தல். சத்தமே இல்லாத ஊர். யுவஸ்ரீக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. ஆனால் காரிலிருந்து இறங்கி மணலில் கால் வைத்ததும் நாலு கதவு திறந்தது. கடலைப் பார்க்கப் போனால் பின்னால் ஒரு கூட்டம் வந்தது. நின்றால் நின்றது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது. அந்த அமைதியில் அவர்கள் குசுகுசுப்பது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. சங்கு எடுக்க வந்தவர்கள் என்றார் ஒருவர். இல்லை, சினிமாவுக்கு இடம் பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். வாடகைக்குக் கேட்ட வீட்டின் சொந்தக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரர் எங்கன இருக்காவ?" என்றார். யுவஸ்ரீ வாயைத் திறப்பதற்குள், "துபாயிங்க" என்று முந்திக்கொண்டாள் வசந்தாமணி. "அப்பம் அவிய லீவுல வரட்டும். வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். வீடு எங்க போவப்போவுது" என்று அவர் கதவைச் சாத்தினார்.

இரண்டாவது ஊர் மணவாளன்துறை. இங்கே வீடு கிடைத்தது. படகுக்காரர்தான் பிடிகொடுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. "ஒரு பொம்பளப் புள்ளய நடுக்கடல்ல எறக்கிவிட்டுட்டு, அது மேல வரலன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?" என்றார். அதெல்லாம் வராமல் போகாது, காவலுக்கு ஆள் இருக்கும், கையோடு கயிறு கட்டியிருக்கும் என்று யுவஸ்ரீ மூச்சுவிடாமல் விளக்கினாள். அவர் மசிகிற மாதிரி தெரிந்தபோதுதான் அம்மா மாப்பிள்ளையைக் கப்பலில் ஏற்றினாள்.

"கப்பல்லயா?" படகுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "எந்தக் கம்பெனி? என் மச்சினனும் கப்பல்லதான். நம்பரக் குடுங்க, நானே பேசிக்கிடுதேன். அவிய சரின்னா எனக்கும் சரி."

காருக்குத் திரும்பும்போது யுவஸ்ரீக்குக் காது மடலெல்லாம் சுட்டது. கதவை அடைத்த வேகத்தில் வண்டி ஆடியது.

"ஏம்மா, நீயெல்லாம் மனுஷியா? உன்னய யாரு வாயத் தொறக்கச் சொன்னாங்க?"

"பின்ன என்ன சொல்றது? நடந்ததச் சொல்லோணுமா, கண்ட ஊர்ல கண்டவங்ககிட்ட?"

"சொல்லேன்! அத்துக்கிட்டு வந்தவன்னு சொல்லேன். அது பொய்யில்ல பாரு. செத்துட்டான்னு சொல்லியிருந்தாக்கூட வீடு கெடச்சிருக்கும்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்ன பேச்சு பேசற நீயி!" வசந்தாமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்சீட்டில் சௌமியா முறுக்குக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீயாவது ஏதாச்சும் சொல்லேன்டி" என்று சீறினாள் யுவஸ்ரீ.

"என்ன சொல்றது யுவா? முறுக்கு நல்லா இருக்கு."

இனி எந்த ஊரும் வேண்டாம், நேராகச் சேலம்தான் என்று வண்டியைத் திருப்பினாள். மூச்சை அடக்குவதற்கு முதலில் வேண்டியது மனம் அடங்குவது. கோபமாக இருப்பவளுக்கு உள்ளிழுத்த காற்று பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். இந்த அம்மாவை வைத்துக்கொண்டு அரபிக்கடலே கிடைத்தாலும் தன்னால் முங்கமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

கொஞ்ச தூரம் போனதும் வசந்தாமணி நெளிய ஆரம்பித்தாள். "அவசரமா எங்கயாச்சும் ஓரங்கட்டு சாமி." கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல். உப்பளம் தாண்டி ஒரு கிளைச்சாலையில் உயரமான தகரக் கொட்டகையும் நாலைந்து ஓட்டு வீடுகளும் தெரிந்தன. குருசுத்துறை என்று பலகை சொன்னது. அந்தக் கொட்டகை ஐஸ் ஃபேக்டரியுடையது. மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மாள் இவர்களைப் பார்த்தாள், வசந்தாமணி நின்ற கோலத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள்.

அவள் பெயர் கித்தேரியம்மாள். வசந்தாமணி வயதுதான் இருக்கும். இவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சும்மா கேட்டுவைப்போம் என்று யுவஸ்ரீ கேட்டாள். "இங்க தங்கறதுக்கு ரூம் ஏதாச்சும் கெடைக்குங்களா?"

"மேல ஒண்ணு கெடக்கு. போய்ப் பாத்துக்கிடுங்க. ஐஸ் மிசினு சத்தம் ராவும் பகலும் கேக்கும், இப்பமே சொல்லிட்டேன்."

"படகு?"

"தம்பி மிக்கேலு வச்சிருக்கான்."

"மீன் பிடிக்க இல்லீங்க. மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கடலுக்குள்ள முங்கறதுக்கு. ஆழமா இருக்கோணும்."

"எத்தன பாகம் வேணும்?" என்றாள் கித்தேரியம்மாள், டீக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்கிற தோரணையில்.

இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம் என்று சௌமியாதான் எடுத்துச் சொன்னாள். யுவஸ்ரீ மீட்டரைப் பாகமாக்கிச் சொல்ல, "பக்கத்துலயே இருக்கு. காலம்பற கூட்டிட்டுப் போவான்" என்று கித்தேரியம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

வசந்தாமணி தயாராக இருந்தாள். இந்தத் தடவை மாப்பிள்ளை மிலிட்டரியில் இருந்தான், காஷ்மீரில். ஆனால் கேட்கிறவர்களைக் காணோம். கித்தேரியம்மாள் மேல் அறையைப் பெருக்கினாள். இவர்களுக்குச் சோறு போட்டாள். மீன் வேண்டாமென்ற வசந்தாமணிக்கு ஒரு முட்டையைப் பொரித்துவைத்தாள். ஐஸ் ஏற்ற வந்த ஆட்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்கள், ஒருவரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் ஆக ஆக வசந்தாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெங்காயம் உரிக்கிறேன் என்று கித்தேரியம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இவளாகவே ஆரம்பித்தாள். "எங்களுக்குத் திருச்செங்கோடுங்க்கா." "அப்படியா." "இவ ஒருத்திதானுங்க எனக்கு." "சரிம்மா." "இஸ்கூல்ல வேல பாக்கறா." "நல்லது."

அதற்கு மேல் வசந்தாமணியால் தாங்கமுடியவில்லை.

"இவளுக்கு மாப்பிள்ளை இல்லீங்க்கா! அத்துக்கிட்டு வந்து அஞ்சாறு வருசமாச்சுங்க!"

மாடிப்படியில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிய யுவஸ்ரீ அப்படியே நின்றாள்.

கித்தேரியம்மாள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். "அதுக்கென்னம்மா. மேல கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்ல. நாளைக்கு மாத்தித் தாறேன்."

வசந்தாமணிக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு யார் நிறுத்துவது? ஈரோட்டுச் சம்பந்தி வீடு, கோர்ட்டு, ஊர்க்காரர்கள் என்று எல்லாம் கொட்டினாள். இடையே இதையும் சொன்னாள். "தெனமும் பொழுதோட அவ கெணத்துக்குள்ள போவாளுங்க. எனக்குப் பயமுங்க, எங்க மேல வராமப் போயிருவாளோன்னு. மோட்டார் ரூமுக்குப் பொறத்தால நின்னுக்குவேன். அவ மேல வந்து மூச்சு வாங்கற சத்தம் கேட்டாத்தான் ஊட்டுக்குள்ள போவேன். ஒரு நாள் தவறாதுங்க."

யுவஸ்ரீக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த உலகத்தில் தனக்கென்று ஒரே ஒரு இடம் இருந்தது என்று நம்பியிருந்தாளே, அங்கேயும் அம்மா நின்றிருக்கிறாள்! இறங்கிப்போய்க் கேட்டுவிடலாமா என்று ஒரு படி கீழே காலை வைத்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டாள். இருட்டுகிற நேரத்தில் கொசுக்கடியில், கால் ஆணி வலியோடு, அத்தனை நாளும் நின்றிருக்கிறாள். இருமக்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனவள், பாயை விரித்து, ஐஸ் மெஷின் தடதடப்பைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை மிக்கேலின் ஃபைபர் படகில் நாலு பேரும் போனார்கள். வசந்தாமணியைக் கரையில் நிறுத்த முடியவில்லை. துறை தாண்டியதுமே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தது. தண்ணீர் நல்ல தெளிவாக இருந்தது. மிதவையைப் போட்டு, கயிற்றில் ஈயக் குண்டு கட்டி இறக்கினார்கள். சௌமியா வழக்கம்போல் மூக்கைச் சிந்திக்கொண்டு காவலுக்கு மிதந்தாள். யுவஸ்ரீ முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை ஒழுங்கு பண்ணும்போதெல்லாம் மேலிருந்து குரல் வந்தது. "பாத்துப் போ அம்மணி!" "போதும், வந்துரு!" "ஏனுங்க மிக்கேலு, அங்க கறுப்பா என்னமோ தெரியுதுங்களே!"

முதல் முறை பாதியிலேயே திரும்பினாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. இரண்டாவது முறை அதற்கும் முன்னாலேயே. மேலே வந்ததும், "வாய மூடிக்கிட்டு இரும்மா!" என்று கத்தினாள். மிக்கேல் கடலைப் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். வசந்தாமணி படகின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. பயந்துபோய்த்தான் கத்துகிறாள் என்பது யுவஸ்ரீக்கு அப்போதுதான் உறைத்தது. மகளைப் பிடித்துவைக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் வாயால் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மிதவையை எடுத்துவிட்டுக் கயிற்றைப் படகிலேயே கட்டச் சொன்னாள். கயிற்றை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இதப் புடிச்சுக்க. கெணத்துக் கொழாயப் புடிச்சு எறங்குவேன்ல, அது மாதிரி இதப் புடிச்சு எறங்குவேன். நான் இழுக்கறது உன்ற கைக்குத் தெரியும். திரும்பி வாரதும் தெரியும். பேசாத. கையில மட்டும் பாரு."

வசந்தாமணி தலையாட்டினாள். சத்தம் நின்றது.

யுவஸ்ரீ கவிழ்ந்து படுத்தாள். அவசரப்படாமல் மூச்சை இழுத்து இறங்கினாள். கைக்குக் கீழ் கை. ஓரிடத்தில் தண்ணீர் சில்லென்று மாறியது. நீலம் கெட்டியானது. கொஞ்சம் கீழே போனதும் உடம்பு தானாகவே எடை கூடி இறங்கத் தொடங்கியது, கயிறு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு போனது. குண்டைத் தொட்டாள். மணல் வெளிச்சமாகத் தெரிந்தது. சின்ன மீன் கூட்டம் ஒன்று அவளைச் சட்டைசெய்யாமல் கடந்து போனது. திரும்பி ஏறினாள்.

மேலே வந்து மூச்சு வாங்கினாள். சௌமியா கட்டைவிரலை உயர்த்தினாள். வசந்தாமணி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். அதைத் துடைக்காமலே சொன்னாள்:

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தன தூரம் டீசலடிச்சுக்கிட்டு வந்தோம்?"

அறையை அன்றைக்கே பேசி முடித்தார்கள். அதன் பிறகு எந்த விடுமுறை விட்டாலும் குருசுத்துறைதான். வாடைக் காலத்தில் கடல் கலங்கும் என்பதும், ஐஸ் மெஷின் நின்றால்தான் தூக்கம் கலைகிறது என்பதும் பழகிப்போயிற்று. சௌமியாவுக்குக் காது திறக்கிற நாளும் உண்டு, திறக்காத நாளும் உண்டு. அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, இங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று தீர்ப்புச் சொல்லிப் போனார்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் போனபோது காற்று திடீரென்று எழும்பிவிட்டது. படகு எதுவும் இறங்கவில்லை. நாளைக்குத் தணியும், நாளன்றைக்குத் தணியும் என்று மிக்கேல் சொல்லச் சொல்லப் பள்ளி திறக்கும் நாளும் வந்துவிட்டது. ஒரு முறைகூட முங்காமல் ஊர் திரும்ப யுவஸ்ரீக்கு மனம் வரவில்லை. தலைமையாசிரியரைக் கூப்பிட்டு இரண்டு நாள் லீவு கேட்டாள்.

"காரணம் என்னம்மா?"

"கடல் சரியில்லீங்க சார்."

"ராசிபுரத்துக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் அவர்.

"அதத்தானுங்க சார் எல்லாரும் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சரியென்றாரா இல்லையென்றாரா என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டதால், யுவஸ்ரீ ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கரைக்குப் போனாள்.